திருகோணமலையிலிருந்து மாரிகாலப் புயல்களைப் பின்தொடர்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கச்சான் காற்று ஓய்ந்து வாடை பிடிக்கத் தொடங்கும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், வங்காள விரிகுடாவின் செய்மதிப் படங்களை நாள்தோறும் திறந்து பார்க்கும் பழக்கம் திருகோணமலையில் இப்போது பலரிடம் காணப்படுகிறது. அவர்களில் பெரும்பாலானோர் வளிமண்டலவியல் படித்தவர்கள் அல்லர்; ஆசிரியர்கள், மீன்பிடிக் குடும்பத்தினர், அலுவலக ஊழியர்கள், உயர்தர மாணவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

திருகோணமலைக்குப் புயல் வரக்கூடிய காலம் எது?

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முடியும் வரையான காலமே முதன்மையானது. கோடையில் வட இந்தியா மீது கிடக்கும் தாழமுக்கப் பள்ளம் ஒக்டோபருக்குப் பின்னர் தெற்கே இறங்கி, தென்மேற்கு வங்காள விரிகுடாவில் இலங்கையின் அகலக்கோட்டுக்கு அருகே நிலைகொள்கிறது. கடல் அப்போதும் சூடாகவே இருக்கும். பூமியின் சுழற்சியால் காற்றுக்குக் கிடைக்கும் திருப்பு விசை நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் மிகவும் குறைவாதலால் அங்கே சூறாவளிகள் அரிதாகவே உருவாகின்றன. திருகோணமலையோ ஏறத்தாழ 8.5 பாகை வடக்கில் இருக்கிறது.

1964 டிசம்பர் 22 அன்று இலங்கையின் வடபகுதியைக் கடந்து அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த புயல், 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி, 2000 டிசம்பர் இறுதியில் திருகோணமலைக்கு அருகே கரையேறிய புயல், 2020 டிசம்பர் 2 இரவு வந்த புரெவி, 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா ஆகிய யாவும் இந்தக் கால எல்லைக்குள் அடங்குகின்றன. தை பிறந்துவிட்டால் ஆபத்து குறையுமே ஒழிய முற்றாக நீங்காது. 2023 பெப்ரவரி தொடக்கத்திலும் ஒரு தாழமுக்கம் கிழக்குக் கரையைக் கடந்தது.

பெயர் வைக்கப்பட்ட பிறகு கவனிக்கத் தொடங்கினால் போதாதா?

போதாது. வட இந்தியப் பெருங்கடலில் பெயர் சூட்டும் பொறுப்பு புது டில்லியில் உள்ள பிராந்திய மையத்துக்கு உரியது. 13 நாடுகள் தலா 13 பெயர்களைக் கொடுத்து 2020இல் வெளியிடப்பட்ட பட்டியலிலிருந்தே பெயர்கள் வரிசையாக எடுக்கப்படுகின்றன. புரெவி மாலைதீவு தந்த பெயர், டித்வா யேமன் தந்தது. மூன்று நிமிடச் சராசரிக் காற்றின் வேகம் 34 நொட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீற்றர் என்ற அளவை எட்டினால்தான் பெயர் கிடைக்கும். 17 முதல் 27 நொட் வரை தாழமுக்கம் என்றும், 28 முதல் 33 நொட் வரை ஆழ்ந்த தாழமுக்கம் என்றும் வகுக்கப்படுகிறது.

இந்த வகுப்பு முழுவதும் காற்றை மட்டுமே அளக்கிறது, மழையை அளப்பதில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஓர் ஆழ்ந்த தாழமுக்கம் நமது கரையை ஒட்டி வடக்கே நகர்ந்தபோது அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை மாவட்டங்களில் வெள்ளம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அதற்கு ஃபெங்கல் என்ற பெயர் கிடைத்ததோ அது நம்மைத் தாண்டிப் புதுச்சேரியை நோக்கிச் சென்ற பின்னர்தான். ஆகவே கிழக்கு மாகாணத்தில் இருப்பவர் பெயருக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

கொழும்பு ஒரு வேகத்தையும் டில்லி இன்னொன்றையும் அமெரிக்க இணையத்தளம் வேறொன்றையும் சொல்கின்றனவே, எது சரி?

பெரும்பாலும் அளவிடும் முறையிலேயே வேறுபாடு இருக்கிறது. டில்லி மூன்று நிமிடச் சராசரியையும், அமெரிக்கக் கடற்படையின் கூட்டு எச்சரிக்கை மையம் ஒரு நிமிடச் சராசரியையும் பயன்படுத்துவதால், ஒரே புயலுக்கு அமெரிக்க எண் சற்றுக் கூடுதலாகவே வரும். மேலும் அறிக்கைகள் உலகப் பொது நேரத்தில் வெளியாகின்றன. அதனுடன் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால்தான் நமது நேரம் கிடைக்கும். இதைக் கவனியாமல் ஆறு மணித்தியாலப் பழைய நிலையைப் புதிய நிலை என்று பகிர்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

படிப்பதற்கும் ஒப்பிடுவதற்கும் எதையும் பார்க்கலாம். ஆனால் வள்ளத்தைக் கடலில் இறக்குவதா, வீட்டை விட்டு வெளியேறுவதா என்ற முடிவுக்கு நமது வளிமண்டலவியல் திணைக்களத்தினதும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தினதும் அறிவித்தல் ஒன்றையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும்.

கணினி மாதிரிகளை எத்தனை நாளுக்கு முன்பிருந்து நம்பலாம்?

பத்து நாளுக்குப் பின்னால் வரும் சிவப்பு வட்டத்தைக் கண்டு பரபரப்படைய வேண்டியதில்லை. அமெரிக்க மாதிரி நாளுக்கு நான்கு முறை ஓடுகிறது. நமது நேரப்படி அதிகாலை 5.30 மணி நிலவரத்தை வைத்து ஓடும் கணிப்பு முற்பகலில் பார்வைக்கு வரும். ஐரோப்பிய மாதிரி சற்றுத் தாமதமாக வந்தாலும் பாதையைக் கணிப்பதில் பொதுவாகக் கூடிய மதிப்புப் பெற்றது. காலையில் மட்டக்களப்பில் கரையேறும் என்று காட்டிய அதே மாதிரி, மாலையில் முல்லைத்தீவைக் காட்டினால், மாதிரி கெட்டுவிட்டது என்று பொருளில்லை. மையம் இன்னும் உருவாகவில்லை என்பதே பொருள். சுழற்சிக்கு ஒரு தெளிவான மையம் அமையும் வரை, மாதிரி தானே ஒரு மையத்தை ஊகித்துக்கொண்டுதான் கணக்கைத் தொடங்குகிறது.

இந்தக் கட்டத்தில் தனி ஓட்டத்தைப் பார்ப்பதைவிடக் குழும முன்னறிவிப்பைப் பார்ப்பதே அறிவுடைமை. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஒரே மாதிரியைப் பல தடவை ஓட்டிக் கிடைக்கும் பாதைகள் யாவும் அதில் ஒன்றாக வரையப்பட்டிருக்கும். அவை காலி முதல் சென்னை வரை விரிந்து கிடந்தால் இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை. அவை நெருங்கி வந்து, இரண்டு மாதிரிகளும் அடுத்தடுத்த ஓட்டங்களில் ஒரே கரைப்பகுதியைக் காட்டத் தொடங்கினால், அப்போது வேலையைத் தொடங்கலாம். விண்டி போன்ற செயலிகள் வண்ணமயமாகக் காட்டுபவை இதே மாதிரிகளின் கணிப்பைத்தான், நேரடி அளவீட்டை அல்ல என்பதையும் மறக்கக்கூடாது.

புயல் நமக்கு வடக்கே போகுமா, தெற்கே போகுமா என்பதை ஊரிலிருந்தே அறிய வழி உண்டா?

உண்டு, அதுவும் பழைய மாலுமிகளின் வழி. வட அரைக்கோளத்தில் தாழமுக்க மையத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசுகிறது. எனவே காற்று முதுகில் படும்படி நின்றால், மையம் உங்கள் இடக்கைப் பக்கத்தில், சற்று முன்புறமாக இருக்கும். வடக்கிலிருந்து காற்று வந்தால் மையம் ஏறத்தாழக் கிழக்கில், கடலில் இருக்கிறது. வடகிழக்கிலிருந்து வந்தால் தென்கிழக்கில் இருக்கிறது.

ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்லாமல், சில மணித்தியால இடைவெளியில் தொடர்ந்து பார்க்க வேண்டும். கிழக்கிலிருந்து வரும் புயலுக்குக் காற்று வடகிழக்கிலிருந்து வடக்காகவும் பின்னர் வடமேற்காகவும் திரும்பினால், மையம் நகருக்கு வடக்கே, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கமாகக் கடக்கப் போகிறது. வடகிழக்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் திரும்பினால், அது தெற்கே, வெருகல் அல்லது மட்டக்களப்புப் பக்கமாகப் போகிறது. திசை மாறாமல் காற்று வலுத்துக்கொண்டும் அமுக்கம் இறங்கிக்கொண்டும் இருந்தால், அது நம்மை நோக்கியே வருகிறது.

இரண்டு பாதைகளுக்கும் இடையில் ஐம்பது கிலோமீற்றர் வேறுபாடுதான் இருக்கலாம். ஆனால் விளைவு பெரிதும் வேறுபடும். மையம் தெற்கே கடந்தால் நகரமும் நிலாவெளியும் உப்புவெளியும் கடலிலிருந்து நேராக அடிக்கும் காற்றின் பக்கத்தில் அகப்படும்; புயலின் நகர்வு வேகமும் சுழற்சி வேகமும் அந்தப் பக்கத்தில் ஒன்றோடொன்று சேர்கின்றன. வடக்கே கடந்தால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும், வலுவும் குறையும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் வேகக் காற்றுடன் கரையேறியபோது நகரம் அதன் இடப்பக்கத்தில் இருந்தது. அஞ்சிய அளவுக்கு நகரில் சேதம் ஏற்படாததற்கு இதுவும் ஒரு காரணம். அதே புயல் பின்னர் மன்னார் வளைகுடாவில் ஒரு நாளுக்கு மேல் நகராமல் நின்று, காவிரிக் கழிமுகப் பகுதியில் பெருமழையைக் கொட்டியது. கரையேறிய இடம் ஒன்று, நனைந்த இடம் வேறொன்று.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. மாரிகாலத்தில் வாடை எப்படியும் வடகிழக்கிலிருந்தே வீசுவதால், புயல் இல்லாத நாளிலும் மையம் தென்கிழக்கில் இருப்பதுபோல் தோன்றும். ஆதலால் காற்று வழமையைவிட வலுத்து, அமுக்கமும் வழமையைவிட இறங்கிய பின்னரே திசையைக் கணக்கில் எடுக்க வேண்டும். தெருவுக்குள் சுழன்றடிக்கும் காற்றையோ மலைச்சரிவில் திரும்பும் காற்றையோ நம்பாமல், தாழ்வாக ஓடும் கிழிந்த மேகங்களின் ஓட்டத்தைப் பார்ப்பது நல்லது.

கைத்தொலைபேசியில் உள்ள அமுக்கமானியைப் பயன்படுத்தலாமா? மாலையில் அமுக்கம் குறைவதாகக் காட்டுகிறதே?

தாராளமாகப் பயன்படுத்தலாம். மாலையில் குறைவதற்குப் புயல் காரணமன்று. வெப்பவலயத்தில் வளிமண்டலத்துக்கும் ஒரு வற்றுப்பெருக்கு உண்டு: காலை 10 மணி, இரவு 10 மணி அளவில் அமுக்கம் உச்சத்தையும், அதிகாலை 4 மணி, மாலை 4 மணி அளவில் தாழ்வையும் அடைகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கும். புதிதாக அமுக்கமானி வாங்கியவர்கள் முற்பகல் 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையிலான இந்த இறக்கத்தைக் கண்டு குழுவில் எச்சரிக்கை எழுதுவது வழமையாகிவிட்டது.

ஆகவே இன்று மாலை 4 மணியின் அளவை நேற்று மாலை 4 மணியின் அளவோடுதான் ஒப்பிட வேண்டும். டிசம்பரில் கடல்மட்ட அமுக்கம் இங்கே பொதுவாக 1010 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். அந்தப் பருவத்துக்கும் அந்த மணிக்கும் உரிய வழமையைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஐயப்பட வேண்டும் என்பதும், 5 குறைந்தால் அருகில் வெப்பவலயப் புயல் இருப்பதில் ஐயமே வேண்டியதில்லை என்பதும் கடலோடிகள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி. வேறெந்தக் கருவியையும்விட இந்த எளிய விதிக்கே நான் முதலிடம் கொடுப்பேன், ஏனெனில் மின்சாரமும் இணையமும் போன பிறகும் அது பயன்படும்.

தொலைபேசியின் எண் உண்மையான அளவிலிருந்து ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ இருந்தாலும் கவலையில்லை. மாற்றமே நமக்கு வேண்டியது. ஆனால் ஒரே தளத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 8 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையுமாதலால், மூன்றாம் மாடிக்கு ஏறியவர் புயலைக் கண்டுபிடித்துவிடக்கூடும்.

செய்மதிப் படத்தில் எதைப் பார்ப்பது? ராடர் படம் கிடைக்குமா?

இந்தியாவின் இன்சாட் வரிசைச் செய்மதிகளின் படங்கள் நமக்குப் போதியவை. ஜப்பானின் ஹிமவாரி வங்காள விரிகுடாவைச் சாய்வாகத்தான் பார்க்கிறது. அகச்சிவப்புப் படத்தில் பிரகாசமாகத் தெரிவது மேகத்தின் குளிர்ந்த உச்சி மட்டுமே. உயர்மட்டக் காற்று வலுவாக இருந்தால் அந்த மேகத்திரள் மையத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பாலும் தள்ளப்பட்டிருக்கலாம். ஆகவே மிகப் பிரகாசமான இடத்தையே மையம் என்று எண்ணக்கூடாது. பகலில் கட்புலப் படத்தில் தாழ்வான மேகக் கீற்றுகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைகின்றன என்று பார்த்தால் மையம் புலப்படும்.

ராடரைப் பொறுத்தவரை பலரும் காரைக்கால் படத்தைத் திறக்கிறார்கள். காரைக்காலுக்கும் திருகோணமலைக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பூமியின் வளைவு காரணமாக அந்தத் தொலைவில் ராடர் கதிர் 7, 8 கிலோமீற்றர் உயரத்தில்தான் செல்கிறது. கீழே பெய்யும் மழை அதற்குத் தெரியாது. படத்தில் நமது பக்கம் வெறுமையாக இருப்பதை மழை இல்லை என்று கொள்ளலாகாது.

மழையை வீட்டில் அளப்பது எப்படி?

அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமுள்ள, நேரான பக்கங்களைக் கொண்ட எந்தப் பாத்திரமும் போதும். அதில் நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு. ஒரு மில்லிமீற்றர் என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர். சுவர், மரம் ஆகியவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். காலை 8.30 மணிக்கு அளந்து ஊற்றிவிட வேண்டும், ஏனெனில் உத்தியோகபூர்வ 24 மணித்தியால மழைவீழ்ச்சியும் அந்த நேரத்தோடுதான் முடிகிறது. நவம்பரிலும் டிசம்பரிலும் திருகோணமலை மாதத்துக்குச் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் பெறுகிறது. ஒரு தாழமுக்கம் அதில் பெரும்பகுதியை ஒரே நாளில் தந்துவிடக்கூடும் என்பதால் ஆழமான பாத்திரமே பொருத்தம்.

தனுஷ்கோடியில் நடந்ததுபோல் கடல் இங்கேயும் ஊருக்குள் வருமா?

கடல் அடியின் அமைப்பு வேறு. காற்று தள்ளிவரும் நீர் ஆழமற்ற, அகன்ற கடலில்தான் உயரமாகக் குவிகிறது. பாக்கு நீரிணை அத்தகையது. நமது கிழக்குக் கரையில் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித் தளம், ஒடுங்கியது. கொட்டியாரக் குடாவின் வாயிலிலேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆகவே அதே வலுவுள்ள புயல் இங்கே எழுப்பும் கடற்பெருக்கு ஒப்பீட்டளவில் குறைவாக இருக்கும்.

இதைக் கேட்டு ஆறுதல் அடைபவர்கள் அலையை மறந்துவிடுகிறார்கள். ஆழமான நீரில் அலைகள் வலுவிழக்காமல் கரை வரை வருகின்றன; நிலாவெளி, சல்லி, டச்சுக்குடாக் கரைகளை அரிப்பவை அவையே. கிண்ணியா, மூதூர் போன்ற தாழ்நிலங்களில் இன்னொரு சிக்கல் உண்டு: கடல்மட்டம் அரை மீற்றர் உயர்ந்தாலே மகாவலியின் வெள்ளம் குடாவுக்குள் வடிய முடியாமல் பின்தங்கி நிற்கும்.

சுவாமி மலையிலிருந்தோ டச்சுக்குடாவிலிருந்தோ அலைகளைப் படம் பிடிக்கலாமா?

கூடாது. மலை உச்சியில் காற்று குவிந்து வலுக்கும். கடற்கரை வீதியில் ஒரு பெரிய அலை போதும். அந்தப் படத்தால் யாருடைய அறிவும் வளர்வதில்லை.

நமது அவதானிப்புகளை வட்ஸ்அப் குழுக்களில் பகிரலாமா?

இடம், திகதி, நேரம், அளந்த முறை ஆகிய நான்கும் இருந்தால் பகிரலாம். “இப்போது பயங்கரக் காற்று” என்ற செய்தி மறுநாளும் சுற்றிக்கொண்டிருக்கும். “உப்புவெளி, டிசம்பர் 2, மாலை 4 மணி, அமுக்கம் நேற்றைவிட 4 குறைவு” என்ற செய்தி பழையதானாலும் யாரையும் ஏமாற்றாது. எச்சரிக்கை நிறங்களை நீங்களாகக் கொடுக்கக்கூடாது. உயிராபத்து இருந்தால் குழுவில் எழுதுவதற்கு முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைக்க வேண்டும்.

புயல் கடந்து வெயில் எறித்துவிட்டது. இனிக் கண்காணிப்பை நிறுத்தலாமா?

நகரில் இருப்பவர் காற்றைக் கண்காணிப்பதை நிறுத்தலாம். மூதூர், கிண்ணியா, வெருகல், ஈச்சிலம்பற்று, சேருவில பகுதிகளில் இருப்பவர் நிறுத்தவே கூடாது, ஏனெனில் அவர்களுக்குரிய நீர் இன்னும் வந்து சேரவில்லை. மகாவலி மத்திய மலைநாட்டில் தொடங்கி நமது மாவட்டத்தில்தான் கடலில் விழுகிறது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பெய்த மழை இங்கே வந்துசேர நாட்கள் எடுக்கும்.

டித்வா 2025 நவம்பர் இறுதியில் கிழக்குக் கரையை ஒட்டி மெதுவாக வடக்கே நகர்ந்தபோது மலைநாட்டில் நிகழ்ந்த மண்சரிவுகளும் நாடெங்கும் பெருகிய வெள்ளமும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அந்த மாதம் முடியும் தறுவாயில், மையம் தமிழ்நாட்டுக் கரையை ஒட்டிய கடலுக்குப் போய்விட்டிருந்த வேளையில், மகாவலி வெள்ளத்தால் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர், வெருகல், சேருவில பக்கத்துத் தாழ்நிலங்கள் மூழ்கின. செய்மதிப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அந்நேரம் எல்லாம் முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியிருக்கும்.

எனவே புயல் கரையேறும் நாளிலிருந்தே நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அறிக்கையைத் திறந்து, மகாவலியின் மேற்பகுதியில் உள்ள மனம்பிட்டிய அளவுகோலின் எண்ணை ஒவ்வொரு வெளியீட்டிலும் குறித்து வைக்க வேண்டும். அது ஏறிக்கொண்டிருக்கும் வரையிலும், ஏறி நின்று இறங்கத் தொடங்கிய பின்னர் அந்த நீர் கீழே வந்து வடியும் வரையிலும், கீழ்நிலத்தில் உள்ளவர்கள் மாடுகளை மேட்டுநிலத்திலிருந்து இறக்கவோ நெல் மூட்டைகளை வீட்டுக்குத் திருப்பவோ கூடாது.